பணப்பை பிடித்த கரண்டி

பெரிய வீட்டு வெள்ளிச் சாமான்களைத் துடைக்கிற வேலை சுல்மீராவுக்குக் கிடைத்தபோது அவளுக்குப் பதினேழு வயது. அதற்கு முன் ஐந்து வருஷம் அதே வீட்டில் கோழிக்குத் தீனி போட்டாள், கருங்கல் படிக்கட்டை மண்டியிட்டுக் கழுவினாள். வெள்ளிக்கு மாற்றியதை எங்கள் ஊரான ரிபெய்ரா வெல்யாவில் எல்லோரும் பெரிய உயர்வு என்றே பேசினார்கள். உயர்வுதான். அதுவரை முழங்கால் தேய்ந்தது, அதன்பிறகு விரல் தேய்ந்தது. அவள் அம்மா மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

அந்த வீட்டு வெள்ளியில் வேதம் முழுக்க இருந்தது. சூப் பாத்திரத்தின் மூடிமேல் கொடி பிடித்த ஆட்டுக்குட்டி. தட்டு விளிம்பைச் சுற்றிக் கோதுமைக் கதிரும் திராட்சைக் கொத்தும். மேசை நடுவே, தன் நெஞ்சைத் தானே கொத்தி அந்த இரத்தத்தை மூன்று குஞ்சுகளுக்கு ஊட்டுகிற பெலிக்கன் பறவை. ஆண்டவர் நமக்காக இரத்தம் சிந்தியதற்கு அடையாளம் அது. வீட்டு எஜமானி டோனா கார்லோத்தா விருந்தாளிகளிடம் அதைக் காட்டி, "எங்க குடும்பத்தைப் பாத்துதான் செஞ்சான்போல" என்பாள். சுல்மீரா அந்தப் பறவையை இருபத்தொரு வருஷம் துடைத்தாள். அந்த வீட்டில் யாரும் யாருக்காகவும் நெஞ்சைக் கிழித்துக்கொண்டதை அவள் பார்த்ததில்லை. பறவையின் அலகு கூர்மையாக இருந்ததால் அவள் கைதான் அடிக்கடி கிழிந்தது.

எல்லாவற்றையும்விட வீட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை கரண்டிகள். மொத்தம் பதின்மூன்று. ஒவ்வொரு காம்பின் நுனியிலும் கட்டைவிரல் நகத்தளவு ஓர் உருவம். உலக உருண்டையைக் கையில் ஏந்திய ஆண்டவர் ஒருவர், மற்றவர்கள் அவருடைய சீடர்கள். சாவி பிடித்தவர் பேதுரு. குறுக்குச் சிலுவை அந்திரேயா. கத்தி பர்த்தலமேயு, ரம்பம் சீமோன். சுல்மீராவுக்கு எழுத்து தெரியாது. கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆளைச் சொல்வாள். எங்கள் ஊரே அப்படித்தான் சொல்லும். ஒருவர் கையில் மட்டும் சுருக்குப்பை. பணப்பையோடு இருப்பவன் யார் என்று எங்கள் ஊரில் சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லிவிடும். கோயில் சுவரில் தீட்டிய கடைசி இராவுணவுப் படத்தில் பையை இறுக்கிப் பிடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், அவன்தான்.

யூதாஸ் ஆண்டவரோடு ஒரே பெட்டியில் படுக்கலாமா? டோனா கார்லோத்தாவின் மாமியார் காலத்திலேயே அந்தக் கரண்டியை வெல்வெட் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். சமையலறையில், அடுப்புக்கு மேலே, முட்டைக்கூடை இருக்கிற அலமாரியின் இழுப்பறையில் அது கிடந்தது. கிடந்து கறுத்தது. மற்ற பன்னிரண்டும் வருஷம் முழுக்கப் பளிச்சென்று இருக்க, இது மட்டும் மாதம் திரும்புவதற்குள் அடுப்புக்கரி போல ஆகிவிடும். "பாத்தியா, துரோகம் உள்ளேருந்து கறுக்குது" என்று டோனா சொல்வாள். "அதை நல்லா அழுத்தித் தேய், சுல்மீரா. பாவம் போற மாதிரி தேய்."

மற்றவற்றைச் சீமைச் சுண்ணாம்புத் தூளும் மெல்லிய தோலும் வைத்துத் துடைப்பாள். இதற்கு மட்டும் எலுமிச்சையும் சாம்பலும். ஒவ்வொரு உருவத்தின் பாதத்துக்குக் கீழும் பொடிப்பொடியாய்ச் சில கீறல்கள் இருந்தன. ஏதோ பூவேலை என்று நினைத்தாள். பணப்பைக்காரனின் பாதத்தில் அந்தப் பூவேலை வருஷத்துக்கு வருஷம் மங்கி, ஒருநாள் வழவழவென்று ஆனது. அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அழுக்கு அண்ட இனி இடமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

கரண்டிகள் எல்லாம் ஒன்றாக மேசைக்கு வருவது வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை மத்தியானம். ஊரின் ஏழைகளில் பன்னிரண்டு ஆண்களைப் பெரிய வீட்டுக்கு அழைப்பார்கள். டோனா கார்லோத்தா ஒவ்வொருவர் காலிலும் தண்ணீர் ஊற்றி, துண்டால் ஒற்றி எடுப்பாள். பிறகு சாப்பாடு: கொண்டைக்கடலையும் கீரையும் போட்ட சூப், உப்பிட்ட காட் மீன், மக்காச்சோள ரொட்டி, வைன். வயது வரிசைப்படி நாற்காலிகள். மூத்தவர் டோனாவுக்கு வலப்பக்கம். மேசைத் தலைமாட்டில் டோனா, அவளுக்கு ஆண்டவர் கரண்டி. தட்டுக்குப் பக்கத்தில் மடித்த வெள்ளைத் துண்டு, அதற்கடியில் கரண்டி. செபம் முடிந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் துண்டைத் தூக்குவார்கள்.

பணப்பைக்காரன் யாருக்கு வந்தானோ அவன் அந்த வருஷத்து யூதாஸ். எல்லோரும் கைதட்டுவார்கள். அவன் எழுந்து தன் கோட்டைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை கோயில் வாசலில் கொளுத்துகிற வைக்கோல் யூதாஸுக்கு அது உடுப்பு. அவனுக்குப் பெரிய வீட்டிலிருந்து புதுக் கோட்டு கிடைக்கும். "பன்னண்டு பேர்ல அவனுக்கு மட்டுந்தானே புதுசு? எவ்வளவு பெரிய தர்மம்!" என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் உருகுவார்கள்.

அந்தத் தர்மத்தின் மறுபக்கம் அடுத்த பெரிய வியாழன்வரை நீளும். யூதாஸ் அந்த வருஷம் கோயில் மணிக்கயிற்றைத் தொடக்கூடாது. ஈஸ்டர் ஞாயிறன்று வீடுவீடாக வருகிற சிலுவையை முத்தம் செய்யக்கூடாது. கொளுத்துவதற்கு முன் யூதாஸின் உயில் என்று ஒன்றைப் பாட்டாகக் கட்டிப் படிப்பார்கள்; அதில் அவன் மானம் காற்றில் பறக்கும். ஒருவனுடைய மகளுக்கு நிச்சயம் பண்ணிய கல்யாணம் நின்றுபோனது. இன்னொருவன் ஆற்றைத் தாண்டிப் போனவன் திரும்பவே இல்லை. எல்லாம் விளையாட்டுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே செய்வார்கள் எங்கள் ஊர்க்காரர்கள்.

யாருக்கு எந்தக் கரண்டி என்பது கடவுள் சித்தம் என்றுதான் பேச்சு. ஆனால் கடவுள் தன் சித்தத்தைப் புதன்கிழமையே காரியஸ்தர் செவெரினோவிடம் சொல்லிவிடுவார். செவெரினோ சமையலறைக்குள் வந்து, பல்குச்சியைக் கடித்துக்கொண்டே, "நாலாவது நாற்காலி" என்பான். அல்லது "ஒன்பது." குத்தகையில் வாய் பேசியவன், வேலியைப் பற்றிக் கேள்வி கேட்டவன், இப்படி யாராவது இருப்பான். சுல்மீரா சொன்ன இடத்தில் வைப்பாள். அவள் கை அது. அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகவும் சொல்ல முடியாது. யூதாஸ் என்று ஒருவன் இருந்துதானே தீரவேண்டும் என்று இருந்தாள்.

அவளுக்கு அடெலினோ என்று ஒரு தம்பி. பத்து வயது இளையவன். பெரிய வீட்டுக் கல்குவாரியில் வேலை. அங்கே ஒரு பாறை சரிந்து அவன் வலது கை நசுங்கியது. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. பாறையைக் கட்டிய கயிறு இற்றுப்போயிருக்கிறது என்று முந்தின வாரமே செவெரினோவிடம் அவன் சொல்லியிருந்தான். கை போனபிறகு அதை வைன் கடையில் சொன்னான், கோயில் வாசலில் சொன்னான், பாதிரியார் முன்னாலும் சொன்னான்.

ஒற்றைக் கைக்காரனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? கோயிலில் மணியடிக்கிற கிழவருக்கு மூச்சிரைப்பு அதிகமாகி, ஈஸ்டரோடு நிறுத்திக்கொள்வதாய் இருந்தார். பாதிரியாருக்கு அடெலினோவின் குரல் பிடிக்கும். "ஈஸ்டர் முடியட்டும், மணியும் சிலுவையும் உன் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் அக்காவும் தம்பியும் அந்தக் குளிர்காலத்தைத் தள்ளினார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கிய வாரம், பெரிய வியாழன் விருந்துக்கு அழைக்கப்பட்டவர்களின் பெயரை வாசித்தார்கள். கடைசிப் பெயர் அடெலினோ. பன்னிரண்டு பேரில் அவனே இளையவன் என்பதால் பன்னிரண்டாவது நாற்காலி. செவெரினோ வழக்கத்துக்கு மாறாக அன்றைக்கே சமையலறைக்கு வந்தான்.

"பன்னண்டு" என்றான்.

"அது என் தம்பிங்க."

"அப்படியா? எனக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு, முட்டைக்கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

அந்தச் சமயத்தில்தான் பெலிக்கன் குஞ்சு ஒன்றின் தலை உடைந்து, அதை ஒட்டவைக்கப் போர்த்தோ பட்டணத்திலிருந்து ஒரு தட்டான் வந்தான். கரண்டிகளைச் செய்த பட்டறையில் வேலை பார்க்கிறவன். சமையலறை மேசையிலேயே ஊதுகுழலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பேச்சுக்காரன். சுல்மீரா சாம்பலும் எலுமிச்சையுமாகத் தேய்ப்பதைப் பார்த்து அலறினான்.

"ஐயையோ, சட்டியா கழுவற? கொண்டா இங்க. யார் இது? மத்தேயுவையா இந்தப் பாடு படுத்தற?"

"மத்தேயுவா? இது யூதாஸுங்க."

அவன் சிரித்த சிரிப்பில் ஊதுகுழல் சுடர் அணைந்தது. "யூதாஸை வெள்ளியில வார்த்தா யாரும்மா வாங்குவா? எங்க தாத்தா காலத்துலேருந்து யூதாஸ் அச்சே எங்ககிட்ட கெடையாது. இவரு மத்தேயு. சீடராகறதுக்கு முன்னால ஆயக்காரர், வரி வசூலிச்சவரு. அதான் பை. பேரே வெட்டியிருக்குமே கீழ."

பாதத்தைப் பார்த்தான். வழவழவென்று இருந்தது. வெல்வெட் பெட்டியை எடுத்துவரச் சொல்லி மற்றவர்களின் பாதங்களை ஒவ்வொன்றாக வாசித்தான். சுல்மீரா பூவேலை என்று நினைத்திருந்தது எல்லாம் பெயர்கள். பேதுரு, யோவான், தோமா என்று பதினொன்று வந்தது.

"மத்தியா இருக்காரு பாரு, கோடாலியோட. யூதாஸ் செத்தப்புறம் அந்த எடத்துக்கு வந்தவரு இவரு. வந்தவரு உக்காந்தாச்சுன்னா போனவனுக்கு ஏது எடம்? விட்டுப்போனது மத்தேயு ஒருத்தர்தான். சாட்சி வேற வேணுமா?"

"அப்ப இது மட்டும் ஏன் கறுக்குது?"

"இந்த அடுப்புப் புகையிலயும் முட்டைக்குப் பக்கத்துலயும் வெச்சா பேதுருவும் கறுப்பாருதான். ஆமா, எத்தனை வருஷமா இதைச் சாம்பல் போட்டுத் தேய்க்கற?"

இருபத்தொரு வருஷம். ஒரு மனிதரின் பேரை, அவர் யார் என்று சொல்கிற ஒரே ஒரு வரியை, பாவம் போற மாதிரி தேய்த்து அழித்தது அவள் கைதான். அந்தக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் துணிந்து டோனாவிடம் போனாள். தட்டான் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். டோனா பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டுப் பாதிரியாரை வரவழைத்தாள். கோயில் கூரை அந்த வருஷம் பெரிய வீட்டுத் தயவில் மாறிக்கொண்டிருந்தது. அவர் உடனே வந்தார்.

"மத்தியா உக்காந்துட்டா யூதாஸுக்கு எடமில்லைன்னு சொன்னாங்க சாமி" என்றாள் சுல்மீரா.

பாதிரியார் ஒரு கணம் டோனாவைப் பார்த்தார். வேதம் படித்த மனிதர். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கரண்டியை வாங்கிப் பாதத்தை வெளிச்சத்தில் திருப்பினார்.

"இங்க பேர் எதுவும் இல்லையே, மகளே."

"நான்தான் தேச்சு அழிச்சுட்டேன் சாமி."

"மத்த பதினொண்ணையும் நீதானே தேய்க்கற? அதெல்லாம் அழியலையே."

"அதுக்கு நான் சாம்பல் போடல. இதைத்தான் அழுத்தித் தேய்க்கச் சொல்லி..."

"பேர் இல்லாததே சாட்சிம்மா" என்றார் அவர், கனிவான குரலில். "அந்தப் பேரை வெள்ளியில வெட்ட எந்தத் தட்டானுக்குக் கை வரும், சொல்லு."

டோனா சிரித்தாள். "தம்பிக்காக எங்கெல்லாம் போறா பாருங்க சாமி! பாசம். நான் தப்பா எடுத்துக்கல, சுல்மீரா. போய் வேலையைப் பாரு."

தம்பிக்காக என்று இவளுக்கு எப்படித் தெரியும்? நாற்காலி கடவுள் சித்தம் அல்லவா? படியிறங்கும்போதுதான் சுல்மீராவுக்கு அது உறைத்தது. செவெரினோவுக்கு மேலே இருந்த கடவுள் யார் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை வந்தது. பன்னிரண்டு பேருக்கும் டோனா கூடத்தில் கால் கழுவிக்கொண்டிருக்க, அவள் சாப்பாட்டறையில் தனியாகத் துண்டுகளுக்கடியில் கரண்டிகளை வைத்துக்கொண்டு வந்தாள். எல்லாம் வைத்தாயிற்று. கையில் மத்தேயுவும் பேதுருவும் மிச்சம். காலியாக இருந்தவை ஏழாவது இடமும் பன்னிரண்டாவது இடமும். ஏழாவது நாற்காலி திபூர்ஸியோவுடையது. கூடை முடைகிறவர், பார்வை மங்கியவர், பெண்டாட்டி பிள்ளை கிடையாது. பேர் கெட்டால் கூடவே கெட அவருக்கு யாரும் இல்லை என்று நினைத்தாள். அந்த யாருமில்லாதவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அந்த நேரத்தில் வசதியாக மறந்தாள். பேதுருவைத் தம்பிக்கு வைத்தாள்.

துண்டுகள் மேலே போயின. அடெலினோவின் இடது கையில் சாவிக்காரர். செவெரினோ கதவோரம் நின்று பார்த்தான். பல்குச்சி வாயில் அப்படியே நின்றது. கடவுள் சித்தம் என்று இத்தனை வருஷம் சொன்னவன் இப்போது நடுவே போய்க் கரண்டியை மாற்றவா முடியும்?

திபூர்ஸியோ கரண்டியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இது சாவி மாதிரியில்ல தெரியுது எனக்கு! சொர்க்கத்துக் கதவை நான்தான் தெறக்கணும்போல" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பக்கத்திலிருந்தவர் காதில் சொன்னபிறகு, "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றினார். "இதுல எந்தெந்தத் தையல் விட்டிருக்குன்னு எனக்குக் கண்ணை மூடிக்கிட்டுத் தெரியும். புதுசுல தேடணும்" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை உயில் படித்தார்கள்:

"கூடைக்கார திபூர்ஸியோவுக்கு என் பையை விட்டுப்போறேன்,
அடியில்லாத கூடை விக்கறவனுக்கு அடியில்லாத பை பொருத்தந்தானே!"

அவர் கூடைக்கு அடி இல்லாமல் இருந்ததே கிடையாது. ஆனால் பாட்டு நிலைத்துவிட்டது. ஈஸ்டர் முட்டையை யூதாஸ் முடைந்த கூடையிலா வைப்பது என்று பெண்கள் ஒதுங்கினார்கள். கோடைச் சந்தையில் வேறு ஊர்க் கூடை வந்தது. திராட்சை அறுப்புக்குப் பெரிய வீடே வெளியிலிருந்து கூடை வாங்கியது. மழைக்காலத்தில் அவர் வீட்டு வாசலில் முடைந்த கூடைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஊறிக் கிடந்தன. சுல்மீரா இரண்டு தடவை சூப் கொண்டுபோய்க் கொடுத்தாள். "உனக்கு ஏம்மா சிரமம்? நீ நல்ல பொண்ணு" என்று அவர் வாங்கிக்கொண்டார். மூன்றாவது தடவை போக அவளுக்குக் கால் வரவில்லை. ஜனவரியில், அந்தப் புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டே, குளிரில் செத்துப்போனார்.

சாவு மணியை அடெலினோ அடித்தான். அடித்துவிட்டு நேராகப் பெரிய வீட்டுச் சமையலறை வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை.

"அந்தக் கரண்டி எனக்கு வெச்சதாமே."

"யார் சொன்னா?"

"செவெரினோ. கடையில எல்லார் முன்னாலயும். உன் அக்கா கையை முத்தம் பண்ணுடா, ஒரு கெழவனைத் தூக்கிப்போட்டு உன்னைக் காப்பாத்தினாளேன்னான்."

"உனக்கு வேலை கெடைச்சுதா இல்லையா?"

"கெடைச்சுது. இன்னிக்கு அந்த ஆளுக்கு மணி அடிச்சேன். எத்தனை அடிக்கணும்னே மறந்துபோச்சுக்கா."

"நான் வேற எங்கடா வைக்கறது? பன்னண்டு பேரும் ஏழைங்கதானே! யாருக்கு வெச்சாலும் ஒருத்தன் குடும்பம்தானே!" அவள் கத்தியே விட்டாள்.

அடெலினோ அவளையே பார்த்தான். "மேசையில தட்டு பதிமூணு இருந்துச்சேக்கா."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவள் வாசலிலேயே நின்றாள். பதின்மூன்று தட்டுகளையும் அவள்தான் துடைத்தாள், அவள்தான் அடுக்கினாள். தலைமாட்டுத் தட்டு ஒன்று இருந்தது அவளுக்குத் தோன்றவே இல்லை. பயந்து விட்டுவிட்டாள் என்றால்கூடப் பரவாயில்லை. நினைப்புக்கே வரவில்லை. அதுதான் அவளைக் குடைந்தது.

அடுத்த பெரிய வியாழனுக்கு முந்தின நாள் செவெரினோ வந்து, "அஞ்சு" என்றான். "இந்தத் தடவை கை நடுங்காம பாத்துக்க."

"நடுங்காதுங்க" என்றாள் சுல்மீரா. நடுங்கவும் இல்லை. ஐந்தாவது துண்டுக்கடியில் உலக உருண்டை ஏந்திய ஆண்டவரை வைத்தாள். தலைமாட்டுத் துண்டுக்கடியில் பணப்பையை வைத்தாள். வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

துண்டுகள் தூக்கப்பட்டன. ஐந்தாவது நாற்காலிக்காரன் ஆண்டவரைக் கையில் பார்த்ததும் சுட்டதுபோலக் கீழே போட்டான். யாரும் கைதட்டவில்லை. பாதிரியார் தன் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டோனா கார்லோத்தா பணப்பைக் கரண்டியை இரண்டு விரலால் எடுத்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. ஐந்தாவது நாற்காலியைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவன் ஆண்டவரை எடுத்துக் கைமாற்றி விட, கரண்டி மேசை நெடுகப் பயணம் செய்து அவளிடம் போய்ச் சேர்ந்தது.

"பாவம், வயசாகுது நம்ம சுல்மீராவுக்கு" என்றாள் டோனா. "எது எங்கன்னு தடுமாறிட்டா. ஆனா கடவுள் தடுமாற மாட்டாரே! கடைசியா யார் கையிலேருந்து இது இங்க வந்துச்சோ அந்தக் கைக்கே போகட்டும்." பணப்பைக் கரண்டியைச் சுல்மீராவிடம் நீட்டினாள். "இந்தா. இந்த வருஷம் நீ."

முதலில் செவெரினோ கைதட்டினான். பிறகு பாதிரியார். பிறகு அந்தப் பன்னிரண்டு ஏழைகளும், தங்களுக்கு வரவில்லை என்கிற நிம்மதியில், உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினார்கள். ஐந்தாவது நாற்காலிக்காரன்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான்.

சனிக்கிழமை கொளுத்திய வைக்கோல் யூதாஸ், எங்கள் ஊர் சரித்திரத்திலேயே முதல்முறையாக, ஏப்ரன் கட்டியிருந்தான். சுல்மீராவுக்குப் புது ஏப்ரன் கொடுத்தார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை. அவளைப்போல வெள்ளி துடைக்க ஆளில்லை என்று டோனா சொல்லிவிட்டாள். எவ்வளவு பெரிய மனசு என்று ஊர் பேசியது.

ஈஸ்டர் ஞாயிறு காலை பெரிய வீட்டுக் கூடத்தில் பூவும் பச்சிலையும் தூவியிருந்தார்கள். வாசலில் மணிச்சத்தம். பாதிரியார் வந்தார், அவருக்கு முன்னால் கோயிலின் வெள்ளிச் சிலுவையை இடது கையில் ஏந்திக்கொண்டு அடெலினோ. வலது கை மொட்டையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. ஒருவர் முத்தம் செய்ததும் அந்தத் துணியால் ஆண்டவரின் பாதத்தை ஒற்றிவிட்டு அடுத்தவரிடம் நகர்வான். புதன்கிழமை அந்தச் சிலுவையைச் சுண்ணாம்புத் தூள் போட்டு, ஆணிக் குழிவரை துடைத்துக் கொடுத்தது சுல்மீராதான்.

டோனா முத்தம் செய்தாள். செவெரினோ முத்தம் செய்தான். சமையல்காரி செய்தாள். அடுத்து நின்றது சுல்மீரா. அடெலினோ வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் பாதிரியார், பக்கவாட்டில் டோனா, கூடம் முழுக்கக் கண்கள். அவன் கையிலிருந்த சிலுவை கொஞ்சம் ஆடியது. நீட்டிவிடுவான் என்று அவள் நினைத்தாள். தலையைக்கூடச் சற்றுக் குனிந்துவிட்டாள்.

"நகருக்கா" என்றான் அவன், உதடு அசையாமல். "அடுத்த ஆளுக்குக் காட்டணும்."

அவள் நகர்ந்தாள்.